பச்சைத் தக்காளியை வீசாதீர்கள்: காம்பராவுக்குள் பழுக்க வைக்க ஒரு பாடம்



லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு ஆண்டில் ஒரு தடவையாவது இந்தக் கவலை வரும். தக்காளிச் செடியில் காய் குலை குலையாகத் தொங்கும். அந்த நேரம் பார்த்து அடைமழை பிடித்துக்கொள்ளும். அல்லது தை, மாசியில் இரவுப் பனி கொட்டத் தொடங்கும். இலை கருகும், செடி சாயும். "காயெல்லாம் இன்னும் பச்சையாத்தானே இருக்கு, இனி என்ன செய்யிறது?" என்று சொல்லி, செடியோடு பிடுங்கிக் குப்பைக் கிடங்கில் போடுபவர்களும் உண்டு. லொறிக்காரர் சொன்ன விலைக்கு அள்ளிக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு.

இரண்டும் நமக்கு நட்டம்தான். விதை வாங்கி, எரு சுமந்து, கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்போடு தண்ணீர் ஊற்றி வளர்த்த காய் அது. அடுத்த சில வாரங்களில் அதே தக்காளியைக் கடையில் அதிக விலை கொடுத்து வாங்குவதும் நாமேதான். ஆனால் முற்றிய தக்காளிக்காய் செடியை விட்டுப் பிரிந்த பிறகும் பழுக்கும். அதற்கு வெயில் தேவையில்லை, மண் தேவையில்லை, மருந்தும் தேவையில்லை. ஒரு மட்டைப் பெட்டி, பழைய பத்திரிகைத் தாள், கொஞ்சம் கவனம் இருந்தால் போதும். மூன்று, நான்கு வாரங்களுக்கு வீட்டுக்குத் தேவையான தக்காளி கிடைக்கும். கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். அதை எப்படிச் செய்வது என்பதே இந்த இதழின் பாடம்.

காய் எப்படிப் பழுக்கிறது?

சில பழங்கள் பறித்த பிறகு பழுக்காது. தோடம்பழம் அப்படித்தான். நுவரெலியாவில் விளையும் ஸ்ட்ரோபெரியும் அப்படித்தான். பறித்த அன்று எப்படி இருந்ததோ அந்த ருசிதான் கடைசிவரை. வாழை, மா, பப்பாசி, தக்காளி ஆகியவை வேறு இனம். இவை முற்றிவிட்டால், பறித்த பிறகும் தாமாகவே பழுக்கும்.

காரணம் ஒரு வாயு. அதன் பெயர் எதிலீன். கண்ணுக்குத் தெரியாது. முற்றிய காய் இதைத் தானே மிகச் சிறிய அளவில் வெளிவிடுகிறது. அந்த வாயு பட்டதும் காயின் பச்சை குறைகிறது, சதை இளகுகிறது, புளிப்புக் குறைகிறது, நிறம் ஏறுகிறது. பழுக்கத் தொடங்கிய காய் இன்னும் அதிகமாக வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் காய்க்கும் அது பட்டு, அதுவும் பழுக்கத் தொடங்கும்.

இந்த வாயுவின் பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். அதன் வேலை புதிதல்ல. நமது பெரியவர்கள் வாழைக்குலையைக் குழியில் வைத்து மூடிப் புகை போட்டுப் பழுக்க வைத்தது இதே முறையில்தான். புகையில் கொஞ்சம் எதிலீன் இருக்கிறது. அமெரிக்காவில் எலுமிச்சை வியாபாரிகள் மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டிய அறையில் காயை வைத்து நிறம் ஏற்றி வந்தார்கள். சூடுதான் நிறத்தை மாற்றுகிறது என்று நினைத்திருந்தார்கள். அடுப்பை மாற்றி வேறு விதமாகச் சூடேற்றியபோது நிறம் ஏறவில்லை. அடுப்பிலிருந்து வந்த எதிலீன் வாயுதான் காரணம் என்பதை 1924 இல் ஃபிராங்க் டென்னி என்ற ஆய்வாளர் காட்டினார். பழமே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை 1934 இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் என்பவர் அப்பிள் பழத்தை வைத்து நிரூபித்தார்.

ஆகவே மனதில் வைக்க வேண்டியது இதுதான்: காயைப் பழுக்க வைப்பது வெயில் அல்ல. காய்க்குள் இருந்து வரும் வாயுவும், சுற்றியிருக்கும் அளவான சூடும்தான். தக்காளியை ஜன்னலில் வெயில் படும்படி அடுக்கி வைப்பதால் பயன் இல்லை. ஒரு பக்கம் வெந்து வெளுத்துப் போகும், அவ்வளவுதான்.

எந்தக் காய் பழுக்கும், எந்தக் காய் பழுக்காது?

பாடத்தில் முக்கியமான இடம் இது. பச்சையாக இருக்கும் எல்லாக் காயும் பழுக்காது. முற்றிய காய் மட்டும்தான் நல்ல பழமாகும். பிஞ்சைப் பெட்டியில் வைத்தால் சுருங்கும், அல்லது அழுகும். நிறம் மாறினாலும் ருசி இருக்காது.

பருமனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சிறிய காயும் முற்றியிருக்கலாம், பெரிய காயும் பிஞ்சாக இருக்கலாம். இவற்றைப் பாருங்கள்:

- பிஞ்சு கரும்பச்சையாக, மங்கலாக இருக்கும். முற்றிய காய் வெளிர்பச்சையாக, மினுமினுப்பாக இருக்கும்.
- காயின் அடிப்பக்கம், அதாவது பூ இருந்த பக்கம், வெள்ளை அடித்தது போல் வெளுத்திருந்தால் அது முற்றிவிட்டது.
- அடியில் இலேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ தெரிந்தால் பழுக்கத் தொடங்கிவிட்டது. அது மிக நல்ல காய்.

இன்னும் சந்தேகமாக இருந்தால், ஒரே மாதிரியான காய்களில் ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கூழ் போல் வழுவழுப்பாக இருந்து, கத்தி படும்போது விதை வெட்டுப்படாமல் வழுக்கி ஒதுங்கினால் முற்றிய காய். உள்ளே கெட்டியாக இருந்து விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது பிஞ்சு. அந்த ஒரு காயை வைத்து மற்றவற்றை மதிப்பிடலாம். வெட்டிய காயும் வீணாகாது, கறிக்கு ஆகும்.

பறிக்கும்போது கவனிக்க வேண்டியவை

மழை ஓய்ந்து, காயில் ஈரம் காய்ந்த நேரத்தில் பறியுங்கள். ஈரக் காயை அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பனி கொட்டப் போகிறது என்று தெரிந்தால் முதல் நாள் மாலையே பறித்துவிட வேண்டும். பனியில் உறைந்த காய் தண்ணீர் கோத்தது போல் ஆகிவிடும். அது பிறகு பழுக்காது.

பறித்ததும் காம்பை நீக்கிவிடுங்கள். காம்பு பக்கத்துக் காயைக் குத்தும், குத்திய இடத்தில் அழுகல் தொடங்கும். மண் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். இப்போது கழுவ வேண்டாம். கழுவுவது சமைக்கும் நேரத்தில்.

மழைக்குளிரில் இலை கருகும் நோய் வந்த செடியா? அப்படியானால் கூடுதல் கவனம் தேவை. அந்த நோய் காய்க்கும் வரும். காயில் கபில நிறத்தில் கெட்டியான திட்டுத் தெரியும். திட்டு இருக்கும் காயைப் பெட்டிக்குள் சேர்க்க வேண்டாம். திட்டு இல்லாத காயையும் ஐந்தாறு நாள் தனியாக ஒரு தட்டில் பரப்பி வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். நோய் உள்ளே இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

செடிக்கு மருந்து அடித்திருந்தால், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அந்தப் போத்தலில் அல்லது பைக்கற்றில் எழுதியிருக்கும். அந்த நாள் முடியாமல் பறித்த காயை உண்பதும் விற்பதும் தவறு. "காம்பராவுக்குள்ள வச்சா மருந்து போயிரும்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி நினைத்துச் செய்யாதீர்கள்.

பெட்டியில் வைக்கும் முறை

மட்டைப் பெட்டி ஒன்றை எடுங்கள். பக்கங்களில் விரல் நுழையும் அளவு நாலைந்து துளை போடுங்கள். அடியில் பத்திரிகைத் தாளை மடித்து விரியுங்கள். காய்களை ஒன்றோடு ஒன்று இறுக்காமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இடம் போதாவிட்டால், மேலே தாள் விரித்து இரண்டாவது அடுக்கு வைக்கலாம். மூன்றாவது அடுக்கு வேண்டாம். பாரத்தில் கீழ்க்காய் நசுங்கும். மேலே இன்னொரு தாளால் மூடுங்கள்.

சீக்கிரம் பழுக்க வேண்டுமானால் நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். கதலியோ கோழிக்கூட்டோ எதுவானாலும் சரி. அதிலிருந்து வரும் வாயு மற்றக் காய்களைத் தட்டி எழுப்பும். மெதுவாகப் பழுத்தால் போதும் என்றால் வாழைப்பழம் வேண்டாம். பழுத்த தக்காளியையும் அவ்வப்போது வெளியே எடுத்துவிடுங்கள்.

பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே வியர்த்து, காய் அழுகும். எலித் தொல்லை உள்ள வீடானால் பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம். மேசையிலோ தட்டிலோ வைத்து, கம்பி வலையால் மூடுங்கள். எலி கடித்த காயை வெட்டித் தின்னலாம் என்று நினைக்கவே கூடாது. எலியால் காய்ச்சல் பரவும். அதை முழுதாக வீசிவிடுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து எல்லாக் காயையும் பார்க்க வேண்டும். அழுகியது ஒன்று இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு காய் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். விருப்பமாகச் செய்வார்கள்.

சூடும் குளிரும்: கணக்கு இங்கேதான்

முற்றிய காய் எத்தனை நாளில் பழுக்கும் என்பதை வீட்டின் சூடு தீர்மானிக்கிறது. 18 முதல் 21 பாகை செல்சியஸ் வரை இருந்தால் இரண்டு வாரமளவில் பழுக்கும். 13 பாகையளவில் நான்கு வாரம் வரை எடுக்கும். அதற்குக் கீழே போய், 10 பாகைக்கும் குறைவான குளிரில் பல நாள் இருந்தால் காய்க்குக் குளிர்க்காயம் ஏற்படும். பிறகு சூடான இடத்துக்குக் கொண்டுவந்தாலும் சரியாகப் பழுக்காது. திட்டுத் திட்டாக நிறம் மாறும், மாவு போலாகும், சீக்கிரம் அழுகும்.

மறுபக்கம், 30 பாகைக்கு மேல் சூடு இருந்தால் இன்னொரு பிரச்சினை. தக்காளிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் பொருளுக்கு லைக்கோபீன் என்று பெயர். அந்தச் சூட்டில் அது சரியாக உண்டாகாது. காய் இளகும், ஆனால் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றுவிடும்.

இப்போது நமது இடங்களைப் பாருங்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டின் சராசரிச் சூடு 16 பாகையளவு. தை, மாசி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே இறங்கும். ஆகவே உயரமான தோட்டங்களில் பெட்டியை இஸ்தோப்பில் வைக்கக் கூடாது, குளிர் அடிக்கும். உட்காம்பராவில், அடுப்பங்கரைச் சுவருக்கு மறுபக்கம் வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். அங்கே சூடும் கரியும் அதிகம். இரவில் ஒரு சாக்கைப் போர்த்திவிடலாம்.

பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் உள்ளவர்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. வீட்டுக்குள் சாதாரணமாக உள்ள சூடே பெரும்பாலும் போதும்.

எல்லாக் காயும் ஒரே நாளில் பழுத்துவிட்டால் நமக்குப் பயன் இல்லை. இரண்டு பெட்டியாகப் பிரியுங்கள். ஒன்றை வாழைப்பழத்தோடு சூடான பக்கம் வையுங்கள். மற்றதைக் கொஞ்சம் குளிரான அறையில் வாழைப்பழம் இல்லாமல் வையுங்கள். முதல் பெட்டி முடியும் நேரம் இரண்டாவது பழுத்து வரும்.

கொழும்புக்கு அனுப்பும்போது

நமது பிள்ளைகள் பலர் வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளிலும், கொட்டாஞ்சேனைப் பக்கக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். விடுமுறைக்கு வந்து போகும்போது ஒரு பை மரக்கறி கட்டிக் கொடுப்பது தாய் மனது. அந்தப் பையில் முழுப் பச்சைத் தக்காளியைப் போட்டு, "அங்க போயி பழுத்துக்கும்" என்று அனுப்புகிறோம். ஒரு வாரம் கழித்துப் பிள்ளை தொலைபேசியில் சொல்லும்: "அம்மா, மஞ்சளாப் போயி சப்புன்னு இருக்கும்மா."

காய் மீது குற்றம் இல்லை. கொழும்பில் பகலில் 30, 32 பாகைச் சூடு. தகரக் கூரை அறையில் அதைவிடக் கூட. அங்கே காய் இளகும், ஆனால் சிவக்காது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் அதைவிட மோசம். அதற்குள் 4, 5 பாகைதான். பச்சைக் காய்க்குக் குளிர்க்காயம் வந்துவிடும்.

வழி என்ன? மலையிலேயே பழுக்கத் தொடங்க விடுங்கள். நிறம் மாறத் தொடங்கி, பாதியளவு இளஞ்சிவப்பு ஏறிய காயை அனுப்புங்கள். அந்தப் பருவத்தில் அது இன்னும் கெட்டியாக இருக்கும், பஸ்ஸின் குலுக்கலைத் தாங்கும். கொழும்பில் இரண்டு மூன்று நாளில் முழுதாகச் சிவந்துவிடும். பிள்ளை அதைக் கட்டிலுக்குக் கீழேயோ, வெயில் படாத தரையிலோ, காற்றோட்டமான மூலையிலோ வைக்க வேண்டும். முழுதாகப் பழுத்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் வைக்கலாம், தவறில்லை.

சாக்கில் கட்டாதீர்கள். அடியில் உள்ளது நசுங்கிச் சாறாகிவிடும். ஒரு சிறிய மட்டைப் பெட்டி, அல்லது பனை ஓலைப் பெட்டி, இடையில் தாள். வியாபாரத்திலும் இதே பாடம்தான். மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்ற வேண்டும் என்று 2011 டிசம்பரில் அரசாங்கம் விதி கொண்டுவந்தபோது விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கூடைக்கு யார் பணம் கொடுப்பது என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் சாக்கில் போகும் தக்காளி நசுங்கும் என்பதும் உண்மை. மலையிலிருந்து கெப்பட்டிப்பொல, நுவரெலியா பொருளாதார மத்திய நிலையங்களுக்குப் போய், அங்கிருந்து பேலியகொடைக்குப் போய், பிறகுதான் கொட்டாஞ்சேனைக் கடைக்கு வருகிறது. புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தைக்குப் பதிலாக 2020 இல் பேலியகொடையில் புதிய சந்தை திறக்கப்பட்டது. ஏற்றி இறக்கும் ஒவ்வோர் இடத்திலும் அடிபடும் காயின் நட்டம் கடைசியில் விளைவித்தவரின் விலையில்தான் கழிகிறது.

காபைட் வேண்டாம்

"ஒரு துண்டு காபைட் போட்டா ரெண்டு நாள்ல பழுத்துரும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காபைட் என்பது இரும்பு ஒட்டும் வேலைக்குப் பயன்படும் கல். ஈரம் பட்டால் அசெட்டிலீன் என்ற வாயு வரும். அது எதிலீனைப் போல் வேலை செய்து காயின் நிறத்தை மாற்றும். ஆனால் அந்தக் கல்லில் ஆசனிக், பொசுபரசு நஞ்சுகள் கலந்திருக்கும். கையாளுபவரின் கண், தோல், நுரையீரலுக்குக் கெடுதி. தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. ஒரே அறையில் குழந்தை தூங்கும் லயத்து வீட்டில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவதை இந்தியாவில் சட்டத்தால் தடை செய்திருக்கிறார்கள். ஒரு வாழைப்பழம் செய்யும் வேலைக்கு நஞ்சு எதற்கு?

பழுக்காத பிஞ்சை என்ன செய்வது?

நோயில்லாத பிஞ்சும் உணவுதான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாயுடன் தேங்காய்ப் பால் விட்டுக் கறி வைக்கலாம். வதக்கித் துவையல் அரைக்கலாம். வினாகிரி, கடுகு, மிளகாய்த்தூள், உப்புச் சேர்த்து அச்சாறு போட்டால் பல நாள் இருக்கும். அச்சாறு போடும் போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவி நன்றாகக் காய வைத்திருக்க வேண்டும். காயைச் சமைத்துச் சாப்பிடுவதே நல்லது. தக்காளி இலையையும் தண்டையும் உண்ணக் கூடாது, ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். நோய் வந்த செடியைப் பாத்தியிலேயே விடாமல் அப்புறப்படுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த பயிருக்கும், பக்கத்து உருளைக்கிழங்குக்கும் அதே நோய் வரும்.

ஒரு சிறு கணக்கு

உதாரணத்துக்கு, சாய்ந்த செடிகளிலிருந்து 10 கிலோ பச்சைக் காய் பறித்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 6 கிலோ முற்றியது, 3 கிலோ பிஞ்சு, 1 கிலோ பழுது. முற்றிய 6 கிலோவில் 1 கிலோ அழுகியும் சுருங்கியும் போனாலும் 5 கிலோ பழம் கிடைக்கும். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 250 கிராம் பயன்படுத்தினால் அது 20 நாளுக்கு வரும். பிஞ்சு 3 கிலோவும் கறிக்கும் அச்சாறுக்கும் ஆகும். உங்கள் ஊர்க் கடையில் இன்று தக்காளி என்ன விலை என்று கேட்டு, 5 ஆல் பெருக்கிப் பாருங்கள். குப்பையில் போட இருந்தது எவ்வளவு என்று தெரியும்.

பணம் மட்டுமல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவால் மலையகப் பாதைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அப்படி லொறி வர முடியாத, கடை திறக்காத நாளில், காம்பராவுக்குள் இருக்கும் ஒரு பெட்டி தக்காளி, ஒரு போத்தல் அச்சாறு, கொஞ்சம் பருப்பு, மா என்பவை பிள்ளைகளின் சாப்பாடு. சேமிப்பு என்பது வங்கிப் புத்தகத்தில் மட்டும் இல்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரே செடியில் பறித்த, ஒரே மாதிரி முற்றிய மூன்று காய்களை எடுங்கள். ஒன்றை வாழைப்பழத்தோடு தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். ஒன்றைத் தனியாகத் தாளில் சுற்றி அதே அறையில் வையுங்கள். மூன்றாவதை இஸ்தோப்பில் வையுங்கள். எது எந்த நாளில் சிவக்கிறது என்று நாட்காட்டியில் குறியுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் இதைக் கொப்பியில் எழுதி ஆசிரியரிடம் காட்டலாம்.

பிறகு இந்தக் கேள்விகளுக்கு வீட்டில் பேசி விடை சொல்லுங்கள்:

1. முற்றிய காயையும் பிஞ்சையும் எப்படிப் பிரித்து அறியலாம்?
2. பச்சைக் காயைக் குளிர்சாதனப் பெட்டியில் ஏன் வைக்கக் கூடாது?
3. கொழும்புக்கு அனுப்ப எந்தப் பருவத்துக் காய் நல்லது? ஏன்?
4. அழுகிய காயை ஏன் உடனே எடுக்க வேண்டும்?

பயிர் நோய் பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம். பக்கத்துக் காம்பராவில் யாராவது பச்சைத் தக்காளிச் செடியைப் பிடுங்கிக் குப்பைக்குக் கொண்டுபோவதைக் கண்டால் நிறுத்தி, ஒரு காயை வெட்டிக் காட்டுங்கள். விதை வழுக்கினால் அது பழுக்கும்.